கத்தரிப்பூவுக்கும் நாவலுக்கும் நடுவே

மார்ச் முடிவதற்குள் படிவம் போய்ச் சேர வேண்டும்.
கிழங்குகள் ஏப்ரலில் வரும்,
ஆறு வாரம் ஃபிரிட்ஜில் கிடக்கும்.
கேப் டவுனின் குளிர் அதுகளுக்குப் போதாது.
குளிர் படாத துலிப்புக்குத் தண்டு நீளாது,
இலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பூக்கும்,
போன வருடம் பார்த்தோமே.

குபேந்திரன் சிவப்பு என்கிறார்.
சிவப்பு ரைலண்ட்ஸ் முழுக்க இருக்கிறது.
ஊதா, என்றேன்.
"எந்த ஊதா?"
கேட்டிருக்கக் கூடாது. மணி பதினொன்றாகிவிட்டது.

ப்ளூ பேரட்:
நீலமும் இல்லை, கிளியும் இல்லை,
ஓரமெல்லாம் கிழிந்த கத்தரிப்பூ.
ஆகஸ்ட் காற்றில் இன்னும் கிழியும்.
குயின் ஆஃப் நைட்:
கறுப்பென்று விற்கிறார்கள்.
வெயிலுக்கு எதிரே பிடித்தால் நாவல்பழம்,
நாக்கில் ஒட்டுகிற வகை.
பாஷனேல்:
கட்டைத் தண்டு, சாம்பல் தட்டிய ஊதா,
காற்றுக்கு அசையாதாம்.
நெக்ரிட்டா.
நிறம் சரியாகத்தான் இருக்கிறது.
அந்தப் பெயரைக் கைப்பட எழுதிப் பணம் கட்ட
இந்த ஊரில் எனக்கு வராது.
அடுத்த பக்கம்.

"என்னதான் தேடுகிறாய்?"

எண்பத்தொன்பது, செப்டம்பர் இரண்டு, சனிக்கிழமை.
பர்க் தெருவில் உட்கார்ந்திருந்தோம்.
போலீஸ் வண்டி தண்ணீரைப் பீய்ச்சியது,
தண்ணீரில் சாயம்.
ஊதாவாக இருப்பவரைப் பிடித்தால் போதும் அவர்களுக்கு.
நிறத்துக்காகத் தேடப்படுவது எங்களுக்குப் பழக்கம்,
அன்று நிறம்தான் புதிது.
யாரோ வண்டிமேல் ஏறிக் குழாயைத் திருப்பினானாம்,
வெள்ளைச் சுவரெல்லாம் ஊதாவானதாம்.
எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.
நான் ஒரு செருப்புக் கடையில்
ஆறாம் எண் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தேன்.
எனக்கு வாய்த்தது
என் வலது சுண்டுவிரல் நகம் மட்டும்.
எலுமிச்சை, சலவைத்தூள், மண்ணெண்ணெய்,
எதற்கும் அசையவில்லை.
தீபாவளிக்கு மருதாணி வைத்தபோதும்
அடியில் அது இருந்தது.

அந்த நகத்துக்கு ஒரு பூ. வேறொன்றும் இல்லை.

குபேந்திரனுக்கு இது தெரியும்.
அன்று அவர் டர்பனில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்,
இருபத்தேழு ரன்.
அதை இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை.
புத்தகத்தை விளக்குக்குக் கீழே இழுத்தார்.
என் சுண்டுவிரலைப் பிடித்து
ஒவ்வொரு படத்தின்மேலும் வைத்தார்,
கடையில் ரவிக்கைத் துணி பார்ப்பதுபோல.
இதுவா? இல்லை, இன்னும் கொஞ்சம் நீலம்.
இது? அவ்வளவு சிவப்பு கிடையாது.
இது? இருக்கலாம்.
முப்பது வருடத்துக்கு மேலாக வெறும் நகமாக இருக்கிற நகம்
என்ன சாட்சி சொல்லும்?
படத்தில் இருப்பதும் அச்சு மை.

ப்ளூ பேரட் பத்து, ராத்திரி ராணி பத்து,
பாஷனேல் ஐந்து.
அடியில் அவர் கையெழுத்தில் சிவப்பு ஐந்து.
பார்க்காத மாதிரி ஒட்டிவிட்டேன் உறையை.

வேலை இருக்கிறது இனி.
பழைய வாஷிங் மெஷின் டிரம்மைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும்.
இந்த மணலில் எலி அடியிலிருந்து வரும்,
கிழங்கைக் கண்டால் அதற்குப் பொங்கல்.
பைகளின்மேல் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்
இது வெங்காயம் அல்ல என்று.
போன வருடம் மைத்துனர் தேவராயன்
இரண்டை அரிந்து தாளித்துவிட்டார்.
பயந்துபோய் மிச்சத்தை மூன்றாம் வாரமே நட்டேன்,
அதனால்தான் குட்டை.
ஆப்பிளும் உள்ளே இருக்கக் கூடாது.
பக்கத்தில் ஆப்பிள் பழுத்தால்
கிழங்குக்குள்ளேயே பூ செத்துவிடும்,
வெளியே ஒன்றும் தெரியாது,
செப்டம்பரில்தான் தெரியும்.

குபேந்திரன் ஃபிரிட்ஜைத் திறந்து
ஆறு ஆப்பிளையும் எடுத்துவிட்டார்.
கிழங்கு வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றால்
கேட்பதாக இல்லை.
நின்றபடியே
இரண்டாவதைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.